குட்டையான இரண்டு

சட்டைக் கம்பெனியில் தன் மேசைக்கு வரும் எந்தச் சட்டையையும் அண்ணன் முதலில் உள்பக்கமாகத் திருப்புவான். வெளிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே, தப்பு ஒளிந்துகொள்வது உள்ளேதான் என்பது அவன் கட்சி. பிசிறு நூலோ, விட்டுப்போன தையலோ, பொத்தான் துளையில் கடுகளவு ஏற்றத்தாழ்வோ எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தையல்காரருக்கே திருப்பி அனுப்புவான். இருபது வருஷமாக இதே வேலை. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனாலும் கண் நிற்கவில்லை. கம்பெனியில் அவனுக்கு வைத்த பேர் பூதக்கண்ணாடி. அவன் பார்த்து அனுப்பிய சட்டையின் பைக்குள் 14 என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும். அது அவனுடைய எண். அவன் தங்கையின் கதையில் இந்த 14 பிறகு வரும் என்பதால் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

தங்கை அவனுக்கு ஒன்பது வயது இளையவள். கீழே சைக்கிள் ரிப்பேர் கடை, மேலே இரண்டு அறை. அதுதான் அவர்கள் வீடு. முன் அறையில் அம்மாவின் கட்டில், ஜன்னல் ஓரமாகப் பழைய கதவு ஒன்றை இரண்டு தகரப்பெட்டிகள் மேல் படுக்கப் போட்டுச் செய்த மேசை. அந்த மேசையில்தான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அவள் அண்ணனின் பிளேடை எடுத்து ஐஸ் குச்சி ஒன்றின் நுனியைச் சாய்வாகச் சீவி, மையில் தோய்த்து, கோடு இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் இழுத்தால் தடிப்பாக வந்தது. அதே குச்சியைத் திருப்பாமல் மறு பக்கம் இழுத்தால் மயிரிழையாக வந்தது. அன்று முழுக்க வேறு வேலை நடக்கவில்லை. விரல், பாவாடை, கதவு எல்லாம் நீலம். அம்மா அடிக்க வந்தபோது, கம்பெனியில் வீணாய்ப்போன காகிதத்தை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்து அண்ணன்தான் காப்பாற்றினான்.

பத்தாம் வகுப்பு வருவதற்குள், பள்ளியில் கொடுக்கும் எல்லாச் சான்றிதழிலும் பேர் எழுதுவது அவள் வேலையாகிவிட்டது. ஓட்டத்தில் ஜெயித்தவள் பேர், பாட்டில் ஜெயித்தவள் பேர் என்று ஊரார் பேரையெல்லாம் எழுதினாள். அவள் பேருக்கு ஒரு சான்றிதழும் வந்ததில்லை. அண்ணனுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. அவளுக்கு இல்லை.

படிப்பு முடிந்ததும் டி.டி.பி. கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, முகவரி ஸ்டிக்கர். கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துகள் அவளுக்கு ஒத்துவரவில்லை. “எல்லாம் இஸ்திரி போட்டு வரிசையில நிறுத்தின மாதிரி இருக்கு அண்ணா. ஒண்ணுகூட மூச்சு விடல” என்றாள். கடை முதலாளி தூக்கிப்போட இருந்த பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவு மேசையில் வைத்து, தன் கையெழுத்தையே எழுத்துருவாக வரையத் தொடங்கினாள். தினமும் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை. அதற்குமேல் கடைக்கு ஓட வேண்டும். மூன்று வருஷம் ஆனது. எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு வடிவங்கள்.

ஒவ்வொன்றும் முடிந்ததும், ஒரு தாளுக்கு ஒரு வடிவம் என்று தாள் நிறையப் பெரிதாக அச்செடுத்து அண்ணன் முன்னால் வைப்பாள். அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்து, விளிம்பு விளிம்பாகப் போவான். வளைவில் ஒரு முடிச்சு இருந்தால் சிவப்பு அம்பு. வால் நுனி மழுங்கியிருந்தால் சிவப்பு அம்பு. ‘ஞ’ மட்டும் ஏழு தடவை திரும்பிப் போனது.

“தலையில பேன் பாக்குற மாதிரி பாக்குறான் பாரு எழுத்தை” என்பாள் அம்மா, கட்டிலிலிருந்து.

“பாக்கட்டும்மா. அவன் விட்டா ஊரே விட்ட மாதிரி” என்பாள் தங்கை.

ஒரே தடவையில், ஓர் அம்பும் வாங்காமல் தேறியவை மொத்தம் ஒன்பதுதான். அதில் ஒன்று அரை என்பதற்கான குறி. சின்ன 1, சாய்ந்த ஒரு கோடு, சின்ன 2. அவள் பேனா பிடிக்கும் சாய்விலேயே அந்த ஒன்றும் கோடும் மேலேறிப் போய், கீழே 2-இன் தடித்த அடிவளைவில் வந்து உட்கார்ந்தன. அண்ணன் அந்தத் தாளை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, “இதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம்” என்று சொன்னான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

எழுத்துருவுக்கு அவள் வைத்த பேர் நீர்க்கோடு.

“நீர்மேல் எழுத்துன்னா நிலைக்காதுன்னு சொல்வாங்க. வேற பேரே கிடைக்கலையாடி உனக்கு?” என்றாள் அம்மா.

அதை இணையத்தில் போட்டு, வேண்டியவர் எவரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதப்போகிறாள் என்று தெரிந்ததும் அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“சும்மா குடுத்தா யாரும் மதிக்க மாட்டாங்க பாப்பா.”

“மதிக்க வேணாம் அண்ணா. எழுதினா போதும்.”

“சரி, எடுக்கறவங்க பேரு, போன் நம்பராவது வாங்கி வச்சுக்கோ. யார்கிட்ட போச்சுன்னு தெரியணும்ல. நாங்க ஒரு சட்டை அனுப்பினாலே எந்தப் பெட்டி, எந்தக் கடைன்னு எழுதி வைப்போம்.”

“தெருக் குழாயில தண்ணி பிடிக்கிறவங்க பேரு எழுதிக் குடுத்துட்டா பிடிக்கிறாங்க?”

எடுப்பவர்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்காவது பயன்படுத்தினால், முடிந்தால் ஒரு படம் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. ‘வரைந்தது நான். சரிபார்த்தது 14.’ அவள் அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை. திரையில் படித்ததும் அண்ணன் கீழே இறங்கிப் போய், சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

படங்கள் வந்தன. ஒரு நூலகத்தின் அறிவிப்புப் பலகை. ஒரு தையல்காரரின் அளவு அட்டை. எவளோ ஒருத்தி தன் பாட்டு நோட்டுக்குப் போட்ட அட்டை. ஒவ்வொரு படத்தையும் தங்கை கடையில் சின்னதாக அச்செடுத்துக் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அதை நீள நோட்டு ஒன்றில் ஒட்டி, பக்கத்தில் தேதி, அனுப்பியவர், என்ன பொருள் என்று பென்சிலால் எழுதுவான். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த நோட்டு வெளியே வரும். அதனாலேயே சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

நூற்று நாற்பத்து மூன்றாவது படம் ஒரு மருந்துக்கடையிலிருந்து வந்தது.

அங்கே லேபிள் அடிப்பவர் அனுப்பியிருந்தார். ‘பன்னிரண்டு நாளாக உங்கள் எழுத்தில்தான் அடிக்கிறோம். முன்பெல்லாம் கவரைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு போவார்கள். இப்போது நின்று படிக்கிறார்கள். நன்றி’ என்று எழுதி, கல்லா மேசையில் மூன்று மருந்துக் கவர்களை நிறுத்திப் படம் எடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வந்த கடிதம். அண்ணன் கைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

பசை தடவும் முன் பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்தான். முதல் கவர்: காலை 1, இரவு 1. இரண்டாவது: காலை 2. மூன்றாவது: இரவு 1. லென்ஸ் இரண்டாவது கவருக்குத் திரும்பி வந்தது.

“பாப்பா, இந்த ரெண்டு ஏன் குட்டையா இருக்கு?”

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். “எந்த ரெண்டு?”

“நடுவுல இருக்கற கவர். ஒண்ணு எவ்வளவு உயரமோ ரெண்டும் அவ்வளவு உயரந்தானே வரணும்? இது பாதி உயரந்தான் இருக்கு. கீழ வேற இறங்கி நிக்குது. இடது பக்கம் காலியா இருக்கு.” சொல்லிக்கொண்டே ஒரு சிவப்பு அம்பை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டான்.

அவள் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு வந்து குனிந்தாள். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள்.

“அண்ணா, அது ரெண்டு இல்ல” என்றாள். “அது அரை.”

அண்ணனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவன் கண் தானாக அம்மாவின் மருந்து டப்பாவுக்குப் போனது. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தினமும் அரை. அவன்தான் காலையில் பிளேடால் நறுக்கி வைப்பான். போன வருஷம் ஒருநாள் அவன் சீக்கிரம் கிளம்பிப் போக, அம்மா மறதியாக முழுசாகப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அது ஒன்றுக்கே அந்தப் பாடு. இது இரண்டு. அரைக்குப் பதில் இரண்டு என்றால் நாலு மடங்கு.

“உன் கண்ணுக்கு அப்படித் தெரியுதா, இல்ல நெஜமாவே அப்படித்தானா? அடிச்சுப் பாத்துருவோம்” என்றான்.

டி.டி.பி. கடையில் முகவரி ஸ்டிக்கர் அடிக்கும் சின்ன இயந்திரம் ஒன்று இருந்தது. மருந்துக்கடைகளிலும் அதே வகைதான். கடைக்குப் பின்னாலேயே குடியிருந்த முதலாளி, சாவியை நீட்டிக்கொண்டே, “ஞாயித்துக்கிழமைகூட என் கடையை விட மாட்டீங்களா? எனக்கே இவ்வளவு பாசம் கிடையாதே” என்றார். இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தங்கை அரைக் குறியை எட்டு அளவுகளில் தட்டினாள். இயந்திரம் கர்ரென்று ஒரு துண்டை வெளியே தள்ளியது. மேலே பெரிய அளவில் அரை, கண்ணாடி போட்டு மாட்டலாம் போல. அடுத்ததில் கோடு மெலிந்தது. அதற்கடுத்ததில் கோடு புள்ளி புள்ளியாகப் போய், ஒன்று நிழல் மாதிரி நின்றது. கடைசி இரண்டில் கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. குட்டையான ஒரு 2 மட்டும் கறுப்பாக, உறுதியாக, யாரும் சந்தேகப்பட முடியாதபடி இருந்தது.

“பேனாவோட சாய்வுலயே ரெண்டையும் போட்டேன். அதான் மயிரிழை. அந்த மிஷினால அவ்வளவு மெல்லிசா அடிக்க முடியல” என்றாள். குரல் யாரோ மூன்றாம் மனுஷியுடையது போல இருந்தது.

அண்ணன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். எல்லாம் பெரிது. ஆயிரம் ஆயிரமாகச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தவன், ஓர் எழுத்தைக்கூடச் சின்னதாக வைத்துப் பார்க்கவில்லை. பெரிதாகப் பார்த்தால் தப்பு தப்பிக்காது என்று நினைத்திருந்தான். இந்தத் தப்பு பெரிதாகப் பார்த்தால்தான் தப்பிக்கும்.

வந்த கடிதத்துக்குத் தங்கை உடனே பதில் எழுதினாள்: ‘அரைக் குறி 2 என்று அச்சாகிறது. தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்.’ கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. பதில் இல்லை. கடிதத்தில் கடைப் பேர் இல்லை, ஊர் இல்லை, போன் இல்லை. எதுவும் கேட்கக்கூடாது என்று நினைத்தவள் அவள்தானே.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் படத்தை மறுபடி லென்ஸில் வைத்தான். கவர்களுக்குப் பின்னால் ஒரு பில் புத்தகம் தலைகீழாகக் கிடந்தது. படத்தைத் திருப்பினான். கடைப் பேர் பாதிதான் விழுந்திருந்தது. அடியில் போன் நம்பர். ஒவ்வோர் எண்ணாகத் தங்கை எழுதிக்கொண்டு வந்தாள். கடைசிக்கு முந்தைய எண்ணின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் உட்கார்ந்திருந்தது.

“ஒண்ணு தெரியல. பூஜ்யத்துலேர்ந்து ஒன்பது வரைக்கும் பத்துதானே? பத்தும் போடு” என்றான்.

பூஜ்யம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றில் யாரோ தூங்கி எழுந்த குரலில் திட்டினார்கள். இரண்டில் ஒரு பலகைக்கடை. “மருந்தா? எங்ககிட்ட கரையான் மருந்துதான் இருக்கு. பத்து லிட்டர் டின்னு, வேணுமா?” மூன்று உபயோகத்தில் இல்லை. நாலில் ஒரு பெரியம்மா, தன் மகள்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, “ஏண்டி ஒரு வாரமா போனே இல்ல” என்று ஆரம்பித்தார். அவரிடமிருந்து விடுபட ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்து வேறு யாரோ. ஆறு அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏழு உபயோகத்தில் இல்லை. எட்டு எடுத்த உடனே வைத்துவிட்டது. ஒன்பதில் ஒரு மனிதர் நிதானமாகச் சொன்னார்: “மருந்துக்கடையா? நானே அதைத்தாம்மா தேடிக்கிட்டு இருக்கேன். கிடைச்சா எனக்கும் ஒரு போன் போடு.”

அண்ணன் பட்டியலில் பூஜ்யத்தையும் ஆறையும் வட்டமிட்டான். ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருக்கலாம். கடை மூடியிருந்தாலும் கவர் வாங்கிப் போனவர் வீட்டில் மாத்திரை மூடியிருக்காது.

“ரெண்டு பேரும் ஏன் பிசாசு பாத்த மாதிரி உக்காந்திருக்கீங்க? சாப்பிட வாங்க” என்றாள் அம்மா. யாரும் எழுந்திருக்கவில்லை. தங்கை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆறைப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். பெருமைக்கு ஒட்டிய படங்களில் இப்போது அரையைத் தேடினான். சமையல் குறிப்பு அட்டை ஒன்று, தையல்காரரின் காலர் அளவு ஒன்று. இரண்டும் பெரிய எழுத்து, பிழைத்தன. ஆனாலும் இரண்டிலும் சிவப்பு அம்பு ஒட்டினான். கை சும்மா இருக்க மறுத்தது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஆறு.

“யாரு காலையிலேர்ந்து இருபது தடவை அடிச்சது? ஞாயித்துக்கிழமை சாயந்தரம்தான் திறப்போம்.” பெண் குரல். கடையின் உரிமையாளரம்மா.

தங்கை ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தாள். “அம்மா, உங்க கடையில லேபிள் அடிக்கிறவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர்கிட்ட பேசணும்.”

“அவரா? அவரை அந்த மேசையிலேர்ந்து எடுத்தாச்சு. இப்போ உள்ள பெட்டி அடுக்கிட்டு இருக்காரு. அரைன்னு எழுதிக் குடுத்த சீட்டுக்கு ரெண்டுன்னு லேபிள் அடிச்சுட்டாரு. ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. புது மாத்திரை. பத்து நாளைக்கு அஞ்சு மாத்திரை குடுத்தோம், மூணாவது நாளே தீந்து போச்சுன்னு வாங்க வந்தாங்க. வந்தவங்க அப்படியே படியில உக்காந்துட்டாங்க, கண்ணு இருட்டுதுன்னு.”

தங்கை போனின்மேல் குனிந்தாள். “இப்போ எப்படி இருக்காங்க?”

“டாக்டர் பாத்தாரு. ரெண்டு நாள் படுக்கைதான். இன்னைக்கு எழுந்து நடமாடுறாங்களாம். ஏதோ நல்ல நேரம். ஆமா, நீங்க யாரு?”

அந்த ஒரு நொடியை அண்ணன் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்தான். டீச்சரம்மா நடமாடுகிறார். ஒன்றும் ஆகவில்லை. எழுத்துரு என்று அங்கே யாரும் பேசக்கூட இல்லை. ‘ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்’ என்று வைத்துவிட்டால், இந்த ஊரில், இந்த மாடியில், இந்தக் கதவு மேசை முன்னால் இருப்பவளை யார் தேடி வரப்போகிறார்கள்? சட்டைக் கம்பெனியில் ஒரு பெட்டி சட்டை திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கை போனை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது உண்மை.

“அவர் தப்பா அடிக்கலம்மா” என்றாள் தங்கை. “அரைன்னுதான் அடிச்சிருப்பாரு. எழுத்து என்னோடது. நான் வரைஞ்சதுல கோளாறு. சின்னதா அடிச்சா அரை ரெண்டா விழுது. ரெண்டு வாரத்துக்கு மேல அதுலதான் அடிச்சீங்கன்னா இன்னும் கவர் போயிருக்கும். பில்லைப் பாருங்கம்மா. அரைன்னு குடுத்த எல்லாரையும் இப்பவே கூப்பிடுங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது, வேகமாக.

“நீ பண்ணது என்னன்னு உனக்குத் தெரியுதாம்மா?” என்றார் அந்த அம்மா, பதற்றத்தில் மரியாதையை விட்டுவிட்டு.

“தெரியும்மா.”

“எட்டு பேர் இருக்காங்க இங்க, அந்த டீச்சரம்மாவோட சேத்து.” போன் வைக்கப்பட்டது.

ஏழு பேர். பேர் தெரியாத ஏழு பேர் அன்று சாயந்தரம் முழுக்க அந்த இரண்டு அறைகளில் நடமாடினார்கள். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கேட்டுவிட்டு, தன் மருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீர்மேல் எழுத்தா இருந்திருக்கக் கூடாதா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கம்பெனியில் அண்ணன் மத்தியானத்துக்குள் ஸ்டிக்கர் கட்டு ஒன்றை முழுசாகத் தீர்த்துவிட்டான். சூப்பர்வைசர் வந்து பார்த்து, “என்னய்யா பூதக்கண்ணாடி, சட்டைக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு?” என்றார். அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள். லேபிள்காரர் அவளிடம் பேசியிருந்தார்.

ஏழு பேரில் நாலு பேர் பழைய ஆட்கள். லேபிளைப் பார்க்காமல் வழக்கப்படி அரையே போட்டிருந்தார்கள். இரண்டு பேர் மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. ஒருவர் இரண்டு இரண்டாகப் போட்டிருந்தார். அது சத்து மாத்திரை. அண்ணன் சட்டை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

“அவர் என்ன சொன்னாரு? திட்டினாரா?”

“இல்ல. ‘பதினோரு வருஷமா அடிக்கிறேன், மூணு நாளா என் விரலையே நான் நம்பலம்மா, இப்போ நம்பறேன்’னாரு. இன்னைக்குக் காலையில மறுபடி அந்த மேசையிலயே உக்காரச் சொல்லிட்டாங்களாம்.” பிறகு சொன்னாள்: “டீச்சரம்மா ஒண்ணு சொன்னாங்களாம் அண்ணா. ‘இவ்வளவு அழகா எழுதியிருக்காங்களே, தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்’னு.”

வீட்டுக்கு வந்தபோது அவள் எழுத்துரு இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொத்தத்தையும் அழிப்பதற்கான பொத்தானின் மேல் மவுஸின் அம்பு நின்றது. முகம் அழுது காய்ந்திருந்தது.

“எடுத்துடறேன் அண்ணா. போதும்.”

மூன்று வருஷம் என்று அவன் நினைத்தான். ஐஸ் குச்சியிலிருந்து எண்ணினால் பதினெட்டு. ஆனால் அதைச் சொல்லவில்லை. அவனுக்கு அப்படியெல்லாம் பேச வராது.

“எத்தனை பேர் எடுத்திருக்காங்கன்னு காட்டுமே, எவ்வளவு?”

“ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு.”

“இப்போ நீ அழிச்சா அவங்க கையில இருக்கறது அழியுமா?”

“அழியாது.”

“அப்போ பழசு ஊரெல்லாம் இருக்கும், புதுசு எங்கயும் இருக்காது. சட்டையில தப்புன்னு கடையைப் பூட்டிட்டா, மாத்திக்க வர்றவன் எங்க போவான்? கடை திறந்தே இருக்கணும் பாப்பா. வாசல்லயே எழுதிப் போடணும், இது தப்பு, மாத்திக்கோங்கன்னு.” மூச்சு வாங்கினான். “இன்னொண்ணு. சரிபார்த்தது 14ன்னு நீதானே எழுதின? அப்போ தப்புல பாதி என்னோடது. என்னைக் கேக்காம அழிக்க முடியாது.”

அவள் அம்பை நகர்த்தினாள்.

அன்றே அந்தப் பக்கத்தின் உச்சியில், எழுத்துருவின் அழகுக்கெல்லாம் மேலே, பெரிதாக அறிவிப்பு ஏறியது. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் நிறுத்த வேண்டும், காரணம் இது, ஒருவர் உடல்நலம் கெட்டது, தப்பு எங்களுடையது. ‘எங்களுடையது’ என்ற சொல்லை அண்ணன் போடச் சொன்னான். நோட்டில் இருந்த நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் அவள் தனித்தனியாக எழுதினாள். பெருமைக்கு வைத்திருந்த நோட்டு, முகவரிப் புத்தகமாகிவிட்டது.

அந்த வாரம் காலை வேளைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு வடிவங்களும் மறுபடி அவன் முன்னால் வந்தன. இந்தத் தடவை ஸ்டிக்கர் இயந்திரத்தில், எறும்பு அளவில் தொடங்கி. தங்கை கடையில் அடித்துக் கொண்டுவரும் சுருளை அவன் மெல்ல இழுத்து இழுத்துப் பார்த்தான். கால், முக்கால், விழுக்காட்டுக் குறி, தனிச் சாய்கோடு. சாய்ந்த கோடு இருந்த இடமெல்லாம் அம்பு. ‘ஞ’ இந்தத் தடவை ஒன்றும் வாங்கவில்லை. அரையின் கோட்டை அவள் சாய்வாகப் போடுவதையே விட்டாள். படுக்க வைத்தாள், பேனா படுக்கையாகப் போனால் தடிக்கும். ஒன்றை நிமிர்த்தி, அதற்கு ஒரு பாதம் வைத்தாள். மேலே ஒன்று, நடுவில் தடித்த கோடு, கீழே இரண்டு.

“முன்ன இருந்த அழகு இல்ல” என்றாள்.

“இல்லதான்” என்றான் அண்ணன். “ஆனா நிக்குது.”

எறும்பு அளவிலும் நின்றது. பழைய காகிதத்தில் நின்றது, மை தீரப்போகும் இயந்திரத்தில் அடித்தாலும் நின்றது, அம்மாவிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் காட்டியபோதும், “அரைன்னு தெரியுது போடா, எத்தனை தடவை கேப்ப?” என்றாள். புதிய கோப்பு பக்கத்தில் ஏறியது. சரிபார்த்தது 14 என்ற வரியை எடுத்துவிடவா என்று அவள் கேட்டாள். அண்ணன் ஒரு நாள் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றான்.

நூற்று நாற்பத்து மூன்று பேரில் அறுபத்தொரு பேர் மாற்றிவிட்டதாகப் பதில் எழுதினார்கள். தையல்காரர், ‘காலர் பதினைந்தரை, நூற்று ஐம்பத்திரண்டு ஆகியிருந்தால் யானைக்குத்தான் தைத்திருப்பேன்’ என்று எழுதினார். மற்ற எண்பத்திரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்பால், படமே அனுப்பாத ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் மருந்துக்கடை, எத்தனை பேர் ஆஸ்பத்திரி, எத்தனை பேர் வெறும் பாட்டு நோட்டு? அண்ணன் இப்போதெல்லாம் தெருவில் யார் கையில் மருந்துக் கவரைக் கண்டாலும் கழுத்தை நீட்டுகிறான். இரண்டு தடவை திட்டு வாங்கிவிட்டான்.

மூன்றாம் வாரம் மருந்துக்கடையிலிருந்து ஒரு படம் வந்தது. இனி அந்த எழுத்துப் பக்கமே வரமாட்டார்கள் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். அதே கல்லா மேசை, அதே மாதிரி நிறுத்தி வைத்த கவர். நீர்க்கோட்டிலேயே அடித்த லேபிள். ஆனால் குறியே இல்லை. ‘காலை அரை மாத்திரை’ என்று எழுத்தாலேயே இருந்தது. அடியில் லேபிள்காரர் எழுதியிருந்தார்: ‘எங்கள் உரிமையாளரம்மா உத்தரவு. எழுத்தால் போட்டால், கோடு ஒன்று போனாலும் அரை அரையாகத்தான் இருக்கும் என்கிறார். டீச்சரம்மாவின் கவர்தான் இது. அவரே இந்த எழுத்தில் கேட்டு வாங்கினார்.’

தங்கை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அறிவிப்பின் முதல் வரியாக, மருந்துக்கு அளவை எழுத்தாலேயே எழுதுங்கள் என்று சேர்த்தாள்.

அண்ணன் நீள நோட்டை எடுத்து நூற்று நாற்பத்து நாலாவது பக்கத்தைத் திறந்தான். பசை தடவவில்லை. படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனான். அகரத்தின் சுழி, ரகரத்தின் கால், ஐகாரக் கொம்பு. லென்ஸ் விளிம்பு விளிம்பாகப் போனது. ஸ்டிக்கர் கட்டு மேசையில் பிரிக்காமல் இருந்தது.

“என்னடா, பாஸா?” என்றாள் அம்மா, கட்டிலிலிருந்து.

“இரும்மா” என்றான். “இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்.”